பழுதில்லாத செம்மறி

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் செம்மறியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. பொய். இந்த நல்லாயன் ஞாயிறு வரைக்கும் நான் செம்மறியைப் பார்த்தது கோவில் சுவர்ப் படத்தில்தான். இயேசுவின் தோளில், பஞ்சு மாதிரி வெள்ளையாக.

அன்றைய பூசையில் ஆட்டைத் தோளில் சுமந்து வரும் ஆயன் வேடத்துக்குக் கையை உயர்த்தியதும் நான்தான். அதற்கு வசனம் இல்லை, எனக்கோ வாசிக்கத் தெரியாது. வெள்ளாடு ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"தீர்வை நாளில வெள்ளாடு இடப்பக்கம், நரகத்துக்குப் போறது. அதைத் தோளில போட்டுக்கொண்டு வருவீரோ?" என்றார் பங்குச் சுவாமி.

என்னோடு மூட்டை தூக்கும் கிண்ணியாக் கூட்டாளிதான் தன் செம்மறியைத் தந்தான்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்க வளக்கிறன், மச்சான். நொண்டினா குர்பானுக்கு ஆகாது. பழுதில்லாம கொண்டு வா."

"சீமெந்து மூட்டை தூக்கிறவன்டா நான்."

சீமெந்து மூட்டை புழுக்கை போடாது. பூசையில் அதைத் தோளில் ஏற்றியதும், ஊறின சாக்கில் அழுகின மீன் போல ஒரு நாற்றம். ஒரு உண்ணி என் காதுக்குள் புகுந்தது. வாலடியில் காய்ந்து ஒட்டியிருந்த புழுக்கை என் சூட்டில் இளகி, கழுத்தால் வழிந்து வெள்ளை அங்கிக்குள் இறங்கியது. பாடகர் குழு பாவம் போக்கும் செம்மறியைப் பாடிக்கொண்டிருந்தது. அதன் பாவமெல்லாம் என் முதுகில். மூக்கைப் பொத்தக் கையை விட்டுவிட்டேன். ஆடு பீடப் படியில் விழுந்து முன்னங்கால் நொண்டியது.

கடவுள் எங்களை ஆடுகள் என்றதைப் புகழ்ச்சி என்று நினைத்திருந்தவன் நான். இந்த நாற்றத்தோடா தூக்கிக்கொண்டு போகிறார்? நான் இருபது அடிகூடப் போகவில்லை. ஆட்டின்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

கூட்டாளி வந்து காலைத் தடவிப் பார்த்தான்.

"எலும்பு முறியல்ல. பெருநாளைக்குள்ள நடக்க வச்சுத் தா. பகிடிக் கதை ஒண்டும் வேணாம்."

ஒன்பது நாளாக அது என் வீட்டு வளவில். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவுகிறேன், உண்ணி பிடுங்குகிறேன், காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். சுகமானால் அறுப்பார்கள். அதனால் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

"நான் காய்ச்சலில கிடக்கேக்க ஒரு துணி நனைச்சுத் தந்தனீங்களே?" என்கிறாள் மனைவி.

நேற்றுப் பின்னேரம் அது காலை மெல்ல ஊன்றிப் பார்த்தது. நான் கிட்டப் போய்... பொறுங்கள், மனைவி கத்துகிறாள்.

"இஞ்சருங்கோ! உங்கட ஆடு நாலு காலிலயும் நிக்குது! குசினிக்குள்ள நிக்குது! ஐயோ, சோத்துப் பானை! ஓடி வாங்கோ!"