பிரின் கொடுத்த விளக்கு

ஆர்லன் கோஸ்கி, பெரிய ஏரியொன்றின் கரையிலுள்ள துலூத் நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஐம்பத்திரண்டு வயது. மனைவி பிரிந்துபோனது நண்பர்களான எங்களுக்கே நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வாய்விட்டுப் பேசுவதெல்லாம் ஞாயிறு மத்தியானங்களில், பள்ளித் தோழி டார்லாவின் வீட்டு அடித்தள அறையில், பிரின் என்கிற குள்ளத் திருடனாகத்தான்.

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. டார்லா கதை சொல்வார். ஆர்லன், மைலோ, நான் மூவரும் அதற்குள் நடப்போம். பிரினின் உடைமைகள் ஆர்லனின் தாளில் பென்சிலால் எழுதியிருக்கும். பிரின் மகா கஞ்சன். என் பாத்திரம் சாகக் கிடந்தபோது காயத்துக்குக் கட்டுத்துணி கொடுக்கவே பேரம் பேசியவன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, குகை வாசலில் பிரின் தன் விளக்கை எனக்குக் கொடுத்தான். கத்திகளை மைலோவுக்கு. யாரும் கேட்கவில்லை. ஆர்லன் ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தார்.

"என்ன ஆர்லன், உங்க பிரினுக்குக் காய்ச்சலா?" என்று மைலோ சிரித்தான்.

சுமை குறையட்டும் என்றுதான் என்றார் அவர்.

டார்லா சிரிக்கவில்லை. பகடைகளை டப்பாவில் போட்டு மூடினார். கதையின் நடுவில் அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"இத பிரின் குடுக்கிறானா, நீ குடுக்கிறியா?"

ஆர்லன் தாளிலிருந்த ரப்பர் துகள்களைக் கையால் தள்ளினார்.

"செத்துப்போகணும்னு நினைக்கிறியாடா?" என்று டார்லா கேட்டார்.

"தினமும்," என்றார். காலை எத்தனை மணிக்கு வண்டி எடுப்பார் என்று கேட்டால் சொல்கிற அதே குரலில்.

அன்று மாலையே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அவரிடம் சாவி வாங்கி, அவர் வீட்டிலிருந்த வேட்டைத் துப்பாக்கியை மைலோ எடுத்துப்போய்த் தன் அலமாரியில் பூட்டினான். காரில் ஏறும்போது ஆர்லன் கேட்டது ஒன்றுதான்: கதை என்னாகும்?

"பிரின் வாசல்லயே நிக்கிறான். நீ வராம நாங்க யாரும் உள்ள போகமாட்டோம்," என்றார் டார்லா.

இப்போது மார்ச். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. ஆர்லன் ஞாயிறுகளில் மறுபடி வருகிறார். பல வாரம் பகடையைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். மாத்திரையால் கை நடுங்குகிறது. போன ஞாயிறு என் பக்கம் திரும்பி, விளக்கைத் திருப்பித் தரமுடியுமா என்றார். கொடுத்தேன். அழித்துத் தாள் மெலிந்த இடத்திலேயே மறுபடி எழுதிக்கொண்டார்.

"கத்தி வேண்டாமா?" என்று மைலோ கேட்டான்.

"இப்ப வேண்டாம். உங்கிட்டயே இருக்கட்டும்."

மைலோ தலையாட்டினான். துப்பாக்கியும் இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது.