ஒரே ஆணியில் இரண்டு மாலைகள்

எங்கள் வீட்டு சாமி அலமாரிக்கு மேலே ஒரே ஆணியில் இரண்டு மாலைகள் தொங்கின. ஒன்று என்னுடையது, இன்னொன்று அக்காவுடையது. எது யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது, என்னுடையதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வெட்டவெளிச்சமானது.

திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டு மாலைகளோடு போனால், பெருமாளுக்குச் சாத்திவிட்டு ஒன்றை நம் கழுத்தில் போடுவார்கள். அதோடு ஒன்பது சுற்று சுற்றி, மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் புருஷனோடு போய், காய்ந்த அந்த மாலையைக் கோயில் புன்னை மரத்தில் சேர்த்துவிட வேண்டும். அதுவரை அது தரையில் படக்கூடாது, குப்பைக்கும் போகக்கூடாது.

அம்மா எங்கள் இருவரையும் ஒரே நாளில் கூட்டிப்போனாள். "எதுக்கு ரெண்டு வாட்டி அலையறது?" என்றாள். பெருமாளிடம்கூட மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறவள் எங்கள் அம்மா.

எனக்குத்தான் முதலில் ஆனது. பெருமாள் பார்த்து வைத்ததா, ஒரகடம் கம்பெனி பஸ் பார்த்து வைத்ததா என்று கேட்டால் பஸ் என்றுதான் சொல்வேன். எனக்குப் பின்சீட்டில் தினமும் தூங்கிக்கொண்டே வந்த தென்காசிப் பக்கத்துக்காரர்தான் இன்று என் புருஷன். 'தங்கச்சிக்கு ஆயிடுச்சாமே, பெரியவளுக்கு இன்னும் ஏன் ஆகல?' என்று ஊர் கேட்க ஆரம்பித்ததும், அக்காவுக்கு வந்துகொண்டிருந்த இரண்டொரு வரன்களும் நின்றுபோயின. அன்றிலிருந்து அக்கா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "ரசம் வேணுமான்னு கேளும்மா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை அம்மா ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு மாலைகளையும் இறக்கினாள். இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கவரில் இருந்தன. உள்ளே ஒரே மாதிரி கருத்துச் சுருண்ட பூக்கள்.

"எந்தப் பக்கம் இருந்ததுடி உன்னுது?"

"நீதானேம்மா மாட்டின?"

"பொங்கலுக்கு வெள்ளையடிக்க சொல்லோ கழட்டிட்டேனேடி!"

அக்காவுக்கும் எனக்கும் வேலையே வயர் கட்டுகிற லைனில்தான். காருக்குள் ஓடும் ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம் உண்டு, ஒரு டேக் உண்டு. டேக் இல்லாமல் ஒன்று நகர்ந்தால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிட்டுக் கத்துவார். அப்பேர்ப்பட்ட இரண்டு பேர் இருக்கிற வீட்டில், ஆணியில் தொங்கிய மாலைக்கு ஒரு துண்டு டேப் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பெரியவளோடத கொண்டுபோய்ப் போட்டுட்டா அவ கதி இன்னாடி ஆவறது? காத்துக்கினு இருந்ததெல்லாம் வீணா?"

"ரெண்டையும் எடுத்துட்டு வாங்க அத்தை. அங்க போய்க் கேட்டுக்கிடுவோம்" என்றார் இவர்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, அம்மாவைப் பார்த்து, "நானும் வரேன்" என்றாள்.

இவருடைய நண்பரின் காரில் போனோம். படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம். அம்மா மடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கவர்களையும் வைத்துப் பிடித்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தால் கால் ஆடும், பயம் வந்தாலும் ஆடும். அன்று எதற்காக ஆடியது என்று எனக்கே தெரியவில்லை.

கோயிலில் நல்ல கூட்டம். புது மாலை போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்களின் பின்னால் அவரவர் அம்மாக்கள் சுற்று எண்ணிக்கொண்டு ஓடினார்கள். பட்டர் எங்கள் கதையைப் பாதிதான் கேட்டார். "உங்க மாலை எதுன்னு நீங்கதாம்மா சொல்லணும். கொஞ்சம் நகருங்கோ, பின்னாடி நிக்கறா பாருங்கோ."

புன்னை மரத்தடிக்கு வந்தோம். யார் யாருடைய கல்யாணங்களோ அங்கே காய்ந்து குவிந்து கிடந்தன. அம்மா ஒரு கவரைத் தூக்கினாள், வைத்துக்கொண்டாள். மற்றதைத் தூக்கினாள். அவள் கை நடுங்கியது. "வேணாம், வூட்டுக்கே போயிடலாம்" என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அக்கா முன்னால் வந்தாள். இரண்டு கவர்களையும் வாங்கி உற்றுப் பார்த்தாள். ஒன்றை என் கையில் வைத்தாள்.

"இதான் உன்னுது."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எப்டிக்கா தெரியும்?"

"தெரியும். போடு."

இவரும் நானும் சேர்ந்து போட்டோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பெத்தவளுக்குத் தெரியல, அவளுக்குத் தெரியுது பாரேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் இவர் இடம் சொல்லி வைத்திருந்தார். அரைக்கால் சட்டைக்காரர்கள் நீச்சல்குளத்தில் கும்மாளமடிக்க, நெற்றி நிறைய திருமண்ணோடு அம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டை முந்தானையால் துடைத்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்து மாய்ந்திருப்பேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படித் தெரியும் அவளுக்கு? நான்கூட அந்த மாலையைச் சரியாகப் பார்த்ததில்லையே.

"நீ சாப்டு, நான் வெச்சுக்கறேன்" என்று அக்கா கவரை வாங்கிக்கொண்டது தெரியும். மோர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் நாற்காலியில் யாரும் இல்லை.

கடல் பக்கத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. சிவப்புக் கொடி நட்டிருந்த இடத்தைத் தாண்டி, புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் அக்கா நின்றிருந்தாள். காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். "மைனி!" என்று இவர் கத்தினார். அதற்குள் நான் மணலில் பாதி தூரம் போயிருந்தேன். மாலையை விட்டுவிடப் போகிறாளா, தன்னையே விட்டுவிடப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. வாயில் பெருமாள் பெயர்கூட வரவில்லை, "அக்கா, அக்கா" என்றுதான் வந்தது.

போய் அவள் கையைப் பிடித்தேன். "இன்னா பண்ற நீ?"

"நிக்கறேன். கோயிலுக்கு வந்துட்டு கடல்ல கால் நனைக்காம போவாங்களா?"

"இதுவா கால் நனைக்கறது! வா வெளிய."

அவள் அசையவில்லை. "எனக்கு எதுவும் தெரியாதுடி" என்றாள். "கைக்கு வந்தத எடுத்து உன்கிட்ட குடுத்தேன்."

"அது உன்னுதா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். அம்மா கை நடுங்கிச்சு. நீ அழுவற மாரி நின்ன. ரெண்டு பேருமே மாட்டிக்கினு நிக்கறதுக்கு ஒருத்தியாவது நல்லபடியா போவட்டும்னு குடுத்துட்டேன்." பிறகு சிரித்தாள். "என் கைல இருக்கற இது உன்னுதா இருந்தா உனக்கு இன்னொரு மாப்ள வந்து நிப்பான். உன் தென்காசிக்காரர உஷாரா இருக்க சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்காக எதுக்குக்கா?" என்று அழுதேன்.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றாள்.

அப்போதுதான் பெரிய அலை ஒன்று வந்தது. இருவர் தலைக்கும் மேலே ஏறி அடித்தது. எனக்குக் கால் வழுக்கி முழங்கால் மணலில் இடித்தது, மூக்கெல்லாம் உப்பு. அக்கா ஒரு கையால் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். தலைமுடியிலிருந்து தண்ணீர் கொட்ட, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய இன்னொரு கை விறைப்பாக மேலே நீண்டிருந்தது. அதிலிருந்த கவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.