பாதி வேன்

சென்னையில் பல வருடம் கணினிக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த தைரியத்தில்தான் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜர் செய்யும் புதுக் கம்பெனி. முதலாளி என்னைவிட இளையவர். "மொதல்ல ஒரு ரெக்ரூட்மென்ட் டீம் கட்டுங்க மேடம். அப்புறம் அவங்க ஆள் எடுக்கட்டும்" என்றார். ஆள் எடுப்பதற்கு ஆள் எடுக்க வேண்டும். கேட்கும்போதே தலை சுற்றியது. சிமெண்டு வாசம் போகாத ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி கொடுத்தார்கள்.

இரண்டாவது நாற்காலிக்கு வந்தவள் எளாவூர் பக்கத்துப் பெண். அஞ்சல் வழியில் பி.காம். முடித்திருந்தாள். ஆனால் இதுவரை பார்த்த வேலையெல்லாம் கம்பெனிகளின் உற்பத்தி லைனில்தான். ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"இத்தினி வருசமா நின்னுக்கினே வேலை செஞ்சிட்டேன் மேடம். காலு வீங்கிப்போவுது. ஒக்காந்து ஒரு வேலை செய்யணும்."

இவ்வளவு நேராக யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. அப்போதே எடுத்துவிட்டேன். லைனுக்கு ஆள் சேர்ந்துவிட்டால் அவள் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

முதல் வாரமே ஒரு வேன் நிறையப் பெண்களோடு வந்து இறங்கினாள். எல்லாரும் அவள் ஊர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒயரைப் பற்றவைக்கும் சோதனை வைத்தோம். பாதிப் பேருக்குக் கை நடுங்கியது. அவளோ அத்தனை பேரையும் தேர்வு செய்திருந்தாள்.

"எல்லாரையும் எடுத்துட்டா இன்டர்வியூ எதுக்கும்மா?" என்றேன்.

"வேன் நெறஞ்சாத்தான் டிரைவர் வண்டிய எடுப்பாரு மேடம். எல்லாரும் காசு போட்டுக்கினுதான் வேனே வருது. பாதிப் பேர எடுத்தா பாதி வேனா வரும்? நீங்க எடுத்தவங்களும் வர முடியாதே, இன்னா பண்றது?"

முதலாளியிடம் போனேன். "கம்பெனி பஸ் அடுத்த வருஷம்தான் மேடம். கை நடுங்குறவங்கள எப்படி லைன்ல விடறது?" என்றார். அவர் சொன்னதும் சரி. அவள் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருந்தால் நான் என்னதான் செய்வது? எரிச்சலாக வந்தது. யார்மீது எரிச்சல் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் பாதிப் பேர் போதும் என்று முடிவாயிற்று. "நானே போய்ச் சொல்லிடறேன்" என்று எழுந்தேன்.

"வாணாம் மேடம். இட்டாந்தது நானு. நான்தான் சொல்லணும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் கதவருகே நின்று பேசினாள். யாரும் சண்டை போடவில்லை. மேலே வந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "வரேன் மேடம்" என்றாள்.

"காலையில சீக்கிரம் வந்துடும்மா" என்றேன். அவள் தலையாட்டினாளா, இல்லையா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

மறுநாள் காலையில் கேட்டருகே காத்திருந்தேன். வேன் வந்தது. வேகம்கூடக் குறையாமல் எங்கள் கேட்டைத் தாண்டி அடுத்த தெருவில் திரும்பியது. அங்கே ஒரு பேக்கிங் கம்பெனி இருக்கிறது. சோதனையெல்லாம் கிடையாது, வருகிற எல்லாரையும் எடுத்துக்கொள்வார்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை.

வேனில் எல்லா சீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் மட்டும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனாள்.