பருப்பு வேகாத வீடு

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு உண்டு. நாங்கள் குடியிருப்பது அதே தெருவின் மறுமுனையில். மாத வாடகைக்கு ஆள் மாறி மாறி அலுத்துப்போய், ஒரு நாள், இரண்டு நாள் தங்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டை விட ஆரம்பித்திருந்தோம். வெளியூர்க்காரர்கள் செல்போனில் பார்த்துப் பதிவு செய்கிறார்களே, அப்படி ஒரு தளத்தில் விளம்பரம் போட வேண்டும். படங்களை மகள் எடுத்தாள். எழுதுகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு அந்தத் திமிர் உண்டு. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பதினெட்டு வருடம் பட்டுப் பிரிவில் நின்றவள் நான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, பேச்சு நிற்கவில்லை. “சாயம் போகுமா?” என்று கேட்டால், “நேத்து ஒரே நாள்ல நாப்பது போச்சும்மா, இதான் கடைசி” என்பேன். கேட்டவர் சிரித்துவிடுவார், புடவையும் போய்விடும். அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

அதே நாக்கோடு விளம்பரத்தையும் எழுதினேன். ‘காற்றோட்டமான வீடு. அமைதியான தெரு. கோவிலுக்கு நடந்தே போகலாம். சமையலறை உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் நல்ல தண்ணீர்.’ படித்துப் பார்த்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அதைப் பார்த்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். “சமைக்கலாம்லா? நல்ல தண்ணிதான?”

“எப்ப திறந்தாலும் கொட்டும்க்கா.”

“அப்பஞ் சரி.”

அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

எழும்பூரில் ரயிலிறங்கி, விடிந்ததும் இரண்டு பெரிய பைகளோடு வந்து நின்றார். ஒன்றில் முழுக்கப் பருப்பும் பொடிகளும். கல்யாணச் சமையல் செய்கிறவராம். சென்னையில் முதல் தடவையாக அடையாற்றுக் குடும்பம் ஒன்று கூப்பிட்டிருக்கிறது. பெண் வீட்டார் நாலு பேர் பன்னிரண்டரைக்கு இங்கே வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் கல்யாணம் இவர் கையில். “இது கெடச்சா இங்க பத்து வீட்டுக்கு என்னத் தெரிஞ்சிரும். கெடைக்கலன்னா எங்க ஊரோட சரி,” என்றார் சாவியை வாங்கும்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ‘பன்னிரண்டரை’ என்பதை இன்னொரு தடவை அழுத்திச் சொன்னார்.

பத்தரை மணிக்கு போன். “எக்கா, பருப்பு வேகமாட்டேங்கு.”

“தீ கம்மியா இருக்கும்க்கா.”

“தீ நல்லாத்தான் எரியுது.”

“குக்கர் வாஷர் லூசா இருக்கும்…”

“ஒன்னரை மணி நேரமா அடுப்புல கெடக்கு. நீங்க நேர்ல வாங்க.”

போனேன். அவர் கரண்டியில் கொஞ்சம் பருப்பை எடுத்து, ஊதி ஆறவைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். “அழுத்திப் பாருங்க.” அழுத்தினேன். பாசிமணி மாதிரி நழுவியது. “கொஞ்சம் சோடா உப்பு போட்டா…” என்று இழுத்தேன்.

“போட்டா கரையும். ருசி செத்துரும். அதத் தின்னுட்டு எனக்குக் கல்யாணத்தத் தருவாங்களாக்கும்? அத விடுங்க. உங்க வீட்டுல எந்தத் தண்ணியில பருப்பு போடுவீய?”

என் வீட்டில் காலையில் வருகிற குடிநீர் வாரிய மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து அதில்தான் சமையல். ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். இந்த மாடி வீட்டுக் குழாயில் வருவதோ முழுக்கப் போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். குடிப்பதற்கென்று ஒரு கேன் வாங்கி வைத்திருந்தேன், அதிலும் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. ‘நல்ல தண்ணி’ என்றால் கரிக்காத தண்ணீர் என்பது எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும். விளம்பரம் எழுதும்போது மட்டும் அது ‘தாராளமாக வரும் தண்ணீர்’ ஆகிவிட்டது.

நம் சாமர்த்தியம் ஒருவரிடம் எடுபடாவிட்டால், ‘அங்கே உன் பருப்பு வேகாது’ என்போமே. கடையில் அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நிஜமாகவே வேகாத பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது அன்றுதான்.

“பல் தேய்க்கையிலேயே கரிச்சுது. பட்டணம், அப்படித்தான் இருக்கும், சமையக்கட்டுல வேற குழாய் இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னைத்தானே நொந்துகொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். பிடித்துவைத்திருந்த இரண்டு குடத்தையும் ஓர் ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் தெருமுனைக் கடையில் துவரம்பருப்பு. மாடி வீட்டு வாசலில் இறங்கும்போது, அங்கே இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அம்மா பார்த்துவிட்டார்.

“இன்னாக்கா, கொடத்துக்கு ஆட்டோ சவாரியா?”

“மேல சமையல். போர் தண்ணில பருப்பு வேகல.”

“அத்துல எப்டி வேவும்? அதுல தொவச்ச துணியே வெறச்சிக்கினு நிக்கிது. உனக்குத் தெரியாதா?” என்றவர், பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு குடத்தை இடுப்பில் ஏற்றினார். “நட, நட. துணி எங்கியும் ஓடாது.”

மேலே போனதும் நான் காய் நறுக்கினேன், அந்த அக்கா அடுப்போடு மல்லுக்கட்டினார். ஊரிலிருந்து கொண்டுவந்த துவரம்பருப்பு அத்தனையையும் காலையிலேயே வேகப் போட்டிருந்தார், அது குப்பைக்குப் போனது. பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா, கல்யாணப் பெண் என நாலு பேர் வந்து உட்கார்ந்தபோது சமையல் எல்லாம் தயார்.

பரிமாறப் போகும்முன் அவர் காதில் சொன்னேன். “பருப்பு கதையெல்லாம் சொல்லாதீங்கக்கா. சாம்பார் நல்லாத்தான் இருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேராகப் போய் அவர்களிடமே சொன்னார். “சாம்பார் இன்னைக்கு என் கைக்குக் கொஞ்சம் கம்மிதான். ஊர்ப் பருப்பு உப்புத் தண்ணியில மாட்டிக்கிட்டு. இது கடையில வாங்குனது, அவசரத்துல வெந்தது. அவியலும் பாயசமும் நான் நெனச்ச மாதிரி வந்துருக்கு. அத வச்சு முடிவு பண்ணுங்க.” உப்புத் தண்ணீர் யார் வீட்டுக் குழாயில் வந்தது, யார் என்ன எழுதியிருந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் மோர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

பெண்ணின் அம்மா நிமிர்ந்தார். “மண்டபத்துலயும் இதே தண்ணின்னா என்ன பண்ணுவீங்க?”

“முந்துன நாளே வந்து வாயில ஊத்திப் பாப்பேன். கரிச்சா, லாரி தண்ணிக்குச் சொல்லுங்கன்னு உங்ககிட்டயே வந்து நிப்பேன்.”

“இதுவரைக்கும் பாத்த சமையக்காரங்க யாரும் தண்ணியப் பத்திப் பேசினதே இல்ல,” என்றார் அந்த அம்மா தன் கணவரிடம். மகள் அவியலை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்கட்டும். வேற என்னல்லாம் எழுதாம விட்டுருக்கீய?” என்றார், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. ஒவ்வொன்றாகக் கக்கினேன். லிஃப்ட் இல்லை, நாற்பத்திரண்டு படி. குளியலறைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விழும். மார்கழியில் விடியும் முன்பே கோவில் ஒலிபெருக்கி.

“எல்லாத்தையும் போட்டா யாருக்கா வருவா?”

“தெரிஞ்சுக்கிட்டு வாரவ வருவா. சண்டை போடமாட்டா.”

நாலு மணிக்குப் பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. மாசியில் நிச்சயதார்த்தம், அறுபது பேர், அதை முதலில் செய்யுங்கள், கல்யாணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். “காலை ஊனிட்டேன்லா!” என்று ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ரயிலுக்குக் கிளம்பும் முன்பே விளம்பரத்தை மாற்றி எழுதி அவருக்குப் படித்துக்காட்டினேன். அதில் ஒரு வரி: ‘குழாய்த் தண்ணீர் உப்பு. இதில் பருப்பு வேகாது. சமைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நல்ல தண்ணீர் குடத்தில் கொண்டுவந்து தருகிறோம்.’ விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆட்கள் குறையவில்லை. “பருப்பு வேகாத வீடுதானே?” என்று கேட்டுக்கொண்டே போன் செய்கிறார்கள். முழங்கால் வலிக்கார அப்பாவோடு வர இருந்த ஒருவர், படிக்கணக்கைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நன்றி சொன்னார். வீடு அன்று காலியாகத்தான் கிடந்தது, எனக்கு அது நஷ்டமாகவே படவில்லை.

நிச்சயதார்த்தச் சமையலை அந்த அக்கா ஜோராகச் செய்தார். ஆனால் கல்யாணம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நிச்சயத்தில் சாப்பிட்டவர்கள் மூலம் இங்கே இரண்டு வீட்டுக் கல்யாணச் சமையலைப் பிடித்துவிட்டார். எனக்குத்தான், அன்று அவருடைய சாம்பார் அவர் கைப்படி வந்திருந்தால் என்ற கேள்வி இன்னும் போகவில்லை. அதனால் இப்போது அந்த விளம்பரத்தில் ஒரு வார்த்தை சேர்க்கும்போதுகூட, முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் அதை நம்பிப் பை கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.