செவ்வாய்க்கிழமை லீவுக்காரி

எனக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. தேனியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிற பெண்கள் எல்லோருக்குமே செவ்வாய்தான். ஏன் என்று கேட்டால் சிரிப்பு வரும். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணப் பட்டு எடுக்க வரமாட்டார்கள். கடைக்கு எந்த நாள் ஆகாதோ அந்த நாளைத் தூக்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த நாள் என்று அது சொல்லவில்லையே. முதலாளி கெட்டிக்காரர்.

பட்டு எடுக்க ஆகாத நாள் பெண் பார்க்கவும் ஆகாது. அதுதான் என் தலைவலியாகப் போயிற்று. எங்கள் வீடு சின்னமனூரில். அப்பா வாழைத்தார் ஏற்றுகிற லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனதில் வீட்டோடு இருக்கிறார். அம்மாவுக்கு அவரைப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கும். தங்கச்சி பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது ஆகியிருந்தது. எந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு லீவு கேட்கிறவள் திங்கட்கிழமை வர வேண்டியதில்லை. உத்தமபாளையத்திலிருந்து வரவேண்டிய ஒரு வரன் இப்படியே தட்டிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்காத பெண் எப்படிக் குடும்பம் நடத்தும் என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டு என்ன செய்ய?

அப்புறம் போடியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஏலக்காய் வியாபாரம் செய்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய அக்கா பள்ளிக்கூட டீச்சர், அத்தான் பேங்கில். தரகர் அம்மா போட்டோ கொண்டுவந்தாள். எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல என்ன வெட்கம்? பஸ்ஸில் போகும்போது, சாப்பிட்டுக் கை கழுவும்போது, எடுத்தெடுத்துப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோவுக்காகச் சிரித்த மாதிரி இல்லை, யாரோ பக்கத்தில் நின்று கிண்டல் செய்ததற்குச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு இந்த ஆள் வேண்டும் என்று இருந்தது.

என்றைக்கு வரச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது நான்தான் ஜனவரி இருபத்தாறு என்று சொன்னேன். மே ஒன்று, ஆகஸ்ட் பதினைந்து, அக்டோபர் இரண்டு, இதோடு ஜனவரி இருபத்தாறு. இந்த நாலு நாளும் கடையை அடைத்து வேலைக்காரர்களுக்குச் சம்பளத்தோடு லீவு விட வேண்டும். திறந்துதான் ஆவேன் என்றால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு நாள் லீவு விட வேண்டும், அதையும் தொழிலாளர் ஆபீசில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதெல்லாம் எங்கள் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் அந்த ஆபீஸிலிருந்து வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் முதலாளி நிஜமாகவே அடைத்தும் இருந்தார். தை மாதம், நல்ல நாள், அவர்களுக்கும் லீவு, எனக்கும் லீவு. உச்சிக்கு முன்னால் நல்ல நேரம் இருக்கிறது, பெண்ணைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போய்விடுவோம் என்று போடியிலிருந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூச்சரத்தை வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் மாற்றிப் பேசமாட்டார்கள்.

அரசாங்கமே லீவு விடச் சொல்லியிருக்கும்போது எவன் தடுப்பான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். என் வாயை என்ன சொல்ல.

முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மோசமான ஆள் இல்லை. கால் வலிக்கிறது என்றால் முதலாளி பார்க்காத நேரத்தில் ஸ்டூல் எடுத்துப்போடுகிறவர். கம்பத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் பிடித்து வருகிறார்களாம். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் லீவாம். முன் ஷட்டரை இறக்கிவிட்டு சந்துப் பக்கக் கதவைத் திறந்து வியாபாரம். எதிர்க்கடைக்காரர் திறக்கிறார், நாம் அடைத்தால் பார்ட்டி அங்கே போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நான் வீட்டில் நடக்கப்போவதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. நாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் நில்லு ஆத்தா. நீ எடுத்துப் போட்டாத்தான் அவுக எடுப்பாக. பத்து மணிக்கு நானே ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று இதைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லலாம். அப்பாவின் மாத்திரையை அவர்களா வாங்கித் தருவார்கள்? போடிக்காரர்கள் பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். தேனியிலிருந்து சின்னமனூருக்குப் பஸ் கிடைக்காத நேரமே கிடையாது. எப்படிக் கணக்குப் போட்டாலும் சரியாக வந்தது. போனேன்.

கம்பத்துப் பார்ட்டி எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. நல்ல சனங்கள். அத்தைமார், சித்திமார், நடுவில் கல்யாணப் பெண். அவள் தோளில் நான் அரக்கு, மயில் கழுத்து, வெங்காயத்தாள் பச்சை என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் தலையிலும் பூ ஏறப்போகிறது என்ற சந்தோஷத்தில் என் கை தானாக ஓடியது. அரக்கில் மாங்காய் பார்டர் ஒன்றை அந்தப் பெண்ணே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பில் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது வாட்ச்மேன் ஓடிவந்தார். தொழிலாளர் ஆபீஸ் ஜீப் எதிர்க்கடை வாசலில் நிற்கிறது என்றார்.

விளக்கை அணைத்தார்கள். கம்பத்து சனங்களைச் சந்து வழியாக வெளியே அனுப்பினார்கள். அவர்கள் போகலாம், யார் கேட்பார்கள்? நாங்கள் போக முடியாது. எல்லோரும் ஒரே நிறத்தில் யூனிபார்ம் சேலை, அதில் கடை பேர் போட்ட பேட்ஜ். அந்தச் சேலையோடு தெருவில் கால் வைத்தால் எந்தக் கடை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். என் சொந்தச் சேலை பையில் மடித்து இருந்தது. பை கீழே லாக்கரில். செல்போனும் அங்கேதான். வேலை நேரத்தில் எங்களுக்குப் போன் கிடையாது. மாற்றிக்கொண்டு ஓடிவிடுகிறேன் என்று மேனேஜர் அண்ணனிடம் கெஞ்சினேன். அதற்குள் சந்து முனையில் ஒரு ஆபீசர் வந்து நின்றுகொண்டார். எங்களை எல்லாம் மேல் மாடி ஸ்டாக் ரூமுக்கு ஏற்றி, பேசாமல் இருக்கச் சொல்லி, கதவை வெளியே பூட்டினார்கள்.

பத்து நிமிஷத்தில் போய்விடுவார்கள் என்றார்கள். எங்கே போக? எதிர்க்கடை முதலாளி எகிறிப் பேசியிருக்கிறார். அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் நல்ல வெயில். எங்கள் கடைப் படிக்கட்டில் நிழல். ஆபீசர்கள் வந்து எங்கள் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார்கள். மேலே அட்டைப்பெட்டிக்கும் சேலைக் கட்டுக்கும் நடுவில் நாங்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருமல் வந்தவள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். எங்களுக்காகப் போட்ட சட்டத்துக்குப் பயந்து நாங்களே ஒளிந்து கிடந்தோம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள்.

சுவரில் காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பெட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வந்திருந்த ஆபீசர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். காட்டன் சேலை, மாராப்பில் சின்னதாகக் கொடி குத்தியிருந்தாள். எழுதி முடித்துவிட்டுப் போகிறவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து எங்கள் ஷட்டரைத் தட்டினாள்.

“உள்ள யாராவது வேலை பார்க்கிறீங்களா? இருந்தா பயப்படாம குரல் குடுங்க. இன்னைக்கு உங்க லீவு நாள்.”

எங்கள் ஊர்ப் பேச்சு இல்லை. ஆனால் அக்கறையான குரல். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா என் பக்கம். சட்டம் என் பக்கம். ஜன்னல் கம்பியைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டுபோய் விட்டாலும் விடுவாள். வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ரெடிமேட் பிரிவில் நிற்கிற அக்கா. புருஷன் இல்லை, ரெண்டு பிள்ளைகள். பிடியை விடாமல் கிசுகிசுத்தாள்.

“கத்திராதடி. எதுத்த கடைய எழுதின மாதிரி இதையும் எழுதிட்டா, நாளைக்கு முதலாளி நம்மளத்தான் நிப்பாட்டுவாரு. எனக்கு வேற எங்கன வேலை?”

நான் அவளைப் பார்த்தேன். அவளைத் தாண்டி மற்றவர்கள் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். எல்லோரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டு விசேஷம் எல்லோருக்கும் தெரியும். ஒருத்திகூடக் கத்து என்று சொல்லவில்லை, கத்தாதே என்றும் சொல்லவில்லை. கீழே அந்தக் குரல் இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தபோது உச்சி தாண்டியிருந்தது. மேனேஜர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவுக்கு ஓடினார். போனில் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. யூனிபார்ம் சேலையோடே பஸ் ஏறினேன். இருந்தாலும் இருப்பார்கள், சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், அவர் அக்கா டீச்சர்தானே, இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வாசலில் கார் இல்லை. உள்ளே அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். காபி குடித்த டம்ளர்கள் கழுவாமல் கிடந்தன.

“அம்புட்டு நேரம் இருந்தாக. நான் போன் போட்டுப் பார்த்து அலுத்துப்போனேன். எடுக்காட்டி என்னன்னு நெனைப்பாக? பொண்ணுக்கு இஷ்டமில்லையோன்னு கேட்டாக. நல்ல நேரம் முடியப்போகுதுன்னு மாப்ளையோட அம்மா எந்திரிச்சிட்டாக” என்று சொல்லிவிட்டு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

மீதியை அப்புறம்தான் துண்டு துண்டாகச் சொன்னாள். பூவோடு கிளம்பி வந்த வண்டி பூவோடு திரும்பிப் போகக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்களாம். காபி கொண்டுவந்து வைத்த பிள்ளை யார் என்று கேட்டார்களாம். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாராம். ரெண்டு பெண்ணை வைத்துக்கொண்டு வந்த இடத்தை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். நினைத்ததில் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். கையில் செல்போனை வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாராம்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எதற்கு என்னைப் பார்க்காமல் அறைக் கதவைப் பார்க்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் உடுத்துகிற சாதாரணச் சுடிதார்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. தலை நிறைய மல்லிகைச் சரம்.

என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தூக்கிப் பூவைப் பிடுங்கப் போனாள். “அக்கா, என்னைய யாரும் கேக்கலக்கா” என்றாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யூனிபார்ம் சேலையின் பேட்ஜ் அவள் துப்பட்டாவில் மாட்டி இழுத்தது. நல்லதோ கெட்டதோ, பெரியவர்கள் கை வைத்த பூவை அன்றைக்கே பிடுங்கி எறிந்தால் நாளைக்கு அவளையும் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

“வச்ச பூவ எடுக்காதடி” என்றேன்.

அவள் கையைக் கீழே இறக்கினாள். இழுத்ததில் சரம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, அவள் தலையில் அதை நேராக்கிக் குத்திவிட்டேன்.