மூன்று படகுகளுக்கு மட்டும்

மொன்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசார் தீவில் நாங்கள் வாங்கிய வீடு ஏரிக்கரையில் இல்லை. கரையோர வீடுகளுக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில் இருந்தது. ஆனால் உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு பிரெஞ்சில் ஒரு பந்தியை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு ஏரிக்குப் போக உரிமை இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். கரையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு ஒழுங்கை. அதன் முடிவில் ஒரு படகுத்துறை. இரண்டும் பின்வரிசையிலிருந்த ஐந்து வீடுகளுக்கும் பொது. என் கணவர் அதற்குத் தனியாக வரி உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அந்தப் பந்தி முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அதுவரை நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவர் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தார். நான் ஒரு சிறுபிள்ளைகள் காப்பகத்தில். தண்ணீர் என்றால் குழாயில் வருவது. இப்போது வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒழுங்கையால் நடந்து துறையின் நுனிவரை போய் நிற்பேன். மிதக்கும் பலகைகள், காலுக்குக் கீழே மெல்ல அசையும். நான்கு படகுகள் கட்டியிருக்கும். மூலைவீட்டுப் பல் வைத்தியருடையது வெள்ளைநிறம், பெரியது. ஓய்வுபெற்ற ஒரு தம்பதிக்குத் தட்டையான, கூரை போட்ட படகு, அதில் கதிரைகளும் மேசையும் உண்டு. முன்பு பஸ் ஓட்டிய ஒருவருக்கு மீன்பிடிக்கிற சின்ன அலுமினியப் படகு. நான்காவது நீலப் படங்குத் துணியால் மூடியிருந்தது. அது எங்கள் பக்கத்துவீட்டு அம்மாவுடையது. அவருடைய கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் படகு ஓடியதை நான் ஒருநாளும் காணவில்லை.

"ஏன் அதைக் கட்டி வச்சிருக்கிறா?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? உமக்கு விடுப்புக் கேக்கிற குணம் கூட," என்றார்.

இரண்டாவது வசந்தத்தில், பனிக்கட்டி கரைந்து துறையை மறுபடி தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே, நகரசபையிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரு அறிவித்தல் வந்தது. பல வீடுகளுக்குப் பொதுவான படகுத்துறைகளுக்குப் புது விதி. எங்கள் துறையில் இனிமேல் மூன்று படகுகள்தான் கட்டலாம். கட்டப்படும் படகு இடம் பெற்ற வீட்டுக்காரரின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும்.

அன்று பின்னேரமே ஒழுங்கையில் கதை பரவிவிட்டது. எல்லோரும் எந்தப் படகு போவது என்றுதான் கதைத்தார்கள். ஏன் மூன்று என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது மண்டைக்குள் நின்றுகொண்டது. ஏன் இரண்டில்லை? ஏன் நாலில்லை? நான்கு படகும் ஒன்றோடொன்று முட்டாமல்தானே நின்றன?

நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவார்கள் என்று காப்பகத்தில் ஒரு தாய் சொன்னார். போனேன். ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் ஏதோ முறைப்பாட்டோடு வந்தவர்கள். என் பிரெஞ்சோ பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. பதற்றத்தில், பதில் சொல்ல வேண்டிய அதிகாரியை 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வெளியே மண்டபத்தில் என்னைத் தேடி வந்து, ஒரு கடதாசியில் கரையைக் கீறிக் காட்டினார்.

"இது கரையோரத்து வீடு. இதற்கு இவ்வளவு கரை இருக்கிறது. உங்கள் ஒழுங்கைக்கு இருப்பது அதில் ஒரு துண்டு. ஆனால் அந்தத் துண்டுக்குப் பின்னால் ஐந்து வீடு. நாளைக்கு ஒருவர் தன் காணியைப் பத்தாகப் பிரித்து விற்றால் பத்து வீட்டுக்கும் உரிமை வரும். பத்துப் படகு வரும். பக்கத்துவீட்டுக்காரர் படகுத் தரிப்பிடத்துக்கு நடுவில் சீவிக்க வேண்டும். இத்தனை படகால் நாணல் அழிந்தால் மீன் முட்டை வைக்காது."

"விளங்குது. ஆனால் ஏன் மூன்று?"

அவர் பேனையை மூடினார். "மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தோம். சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் ஐந்து. நாங்கள் மூன்று என்று வைத்தோம்."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அளந்து கண்டுபிடித்த இலக்கம் என்று அவர் பொய் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர், "இதைக் கேக்கவே இவ்வளவு தூரம் போனனீர்?" என்றார். ஓம் என்றேன்.

இடங்களைத் திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பதென்று முடிவாயிற்று. பல் வைத்தியர் வீட்டுப் பின்முற்றத்தில் ஐந்து வீட்டாரும் கூடினோம். வைத்தியர் மரியாதையான மனிதர். சலாட் கிண்ணத்தில் துண்டுகளைப் போடும்போது எங்கள் பக்கம் திரும்பி, "உங்களிடம் படகு இல்லைத்தானே, உங்கள் துண்டைப் போட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்," என்றார்.

கணவர் தலையாட்டத் தொடங்கினார். என் வாய் முந்திக்கொண்டது. "பிறகு வாங்கினால்?"

உண்மையில் எனக்குப் படகு வாங்கும் எண்ணமே இருக்கவில்லை. சும்மா விட்டுக்கொடுக்கச் சொன்னதுதான் உறுத்தியது. பஸ்காரர் கையிலிருந்த பியர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "ஐந்து வீடென்றால் ஐந்து துண்டு," என்றார். எங்கள் துண்டும் கிண்ணத்துக்குள் போனது.

முதல் துண்டு தட்டைப் படகுத் தம்பதிக்கு. இரண்டாவது வைத்தியருக்கு. மூன்றாவது எங்களுக்கு.

பஸ்காரர் தோளைக் குலுக்கினார். அவருடைய படகு சின்னது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், படகிறக்கும் பொது இடத்தில் இறக்கலாம். பக்கத்துவீட்டு அம்மா கிண்ணத்துக்குள் மீதமிருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து விரித்துப் பார்த்தார். தன் வீட்டிலக்கம் உண்மையாகவே உள்ளே இருந்ததா என்று பார்த்தார் போல. பிறகு எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய்விட்டார்.

அந்தக் கிழமையே வைத்தியர் எங்கள் கதவைத் தட்டினார். தன் மகன் தண்ணீரில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப்போகிறான், எங்கள் பெயரில் பதிந்து எங்கள் இடத்தில் விடலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

"குடுத்துவிடும். எங்களுக்கென்னத்துக்கு?" என்றார் கணவர், கதவைச் சாத்தியபடி.

"பாப்பம்," என்றேன்.

எனக்கு நீலப் படங்கின் கதை தெரியவேண்டியிருந்தது. ஓடாத படகுக்கு இடம் கிடைக்காததில் அந்த அம்மாவுக்கு என்ன நட்டம்? விதி நடைமுறைக்கு வர இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு மாலை துறைக்குப் போனபோது படங்கின் ஒரு மூலை கழற்றி மடிக்கப்பட்டிருந்தது. அவர் உள்ளே இடப்பக்க இருக்கையில், மடியில் தேர்மொஸுடன் இருந்தார். என்னைக் கண்டதும் ஒளிக்கவில்லை.

"ஏறு. பயப்படாதே, இது எங்கும் போகாது."

காலியாக இருந்தது சுக்கான் பக்கத்து இருக்கைதான். அதில் உட்கார்ந்தேன். தேர்மொஸ் மூடியில் கோப்பி ஊற்றித் தந்தார். வெயில் நாட்களில் இப்படித்தான் வந்து இருப்பாராம். நான் வருவதற்கு முன்பு, காலையில். அதனால்தான் நான் கண்டதில்லை.

"நீங்கள் ஓட்டுவதில்லையா?"

"அவர்தான் ஓட்டுவார். நான் இந்தப் பக்கம் இருப்பேன். ஒருதரம் கேட்டேன். கல்லில் அடித்து, தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியை உடைத்துவிடுவாய் என்றார்."

"அவ்வளவு கஷ்டமா?"

அவர் சுக்கானையும் அதற்குக் கீழேயிருந்த பொத்தான்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியாது. உண்மையில் எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. அன்றிரவு நித்திரை கொள்ளும்வரை அதே யோசனை. அடுத்தநாள் வேலையிடத்தில் மதிய இடைவேளையில் நகரசபை அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். 'நீ' என்று கூப்பிட்டவள் நான்தான் என்றதும் அவருக்கு நினைவு வந்தது. எங்களுக்கு இடம் இருக்கிறது, படகில்லை, பக்கத்துவீட்டு அம்மாவுக்குப் படகிருக்கிறது, இடமில்லை என்றேன். படகு உண்மையாகவே என் பெயருக்கு மாறினால் விதிக்கு ஒரு குறையும் இல்லை, அதில் யார் ஏறுவது என்பது விதியின் வேலையும் இல்லை என்றார் அவர்.

பக்கத்துவீட்டு அம்மா படகை ஒரு டொலருக்கு எனக்கு விற்றார். இலவசமாகத் தருகிறேன் என்றார், நான்தான் விற்பனையாக இருக்கட்டும் என்றேன். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: படகு ஓடப் பழகினால் இரண்டுபேரும் சேர்ந்து பழகவேண்டும்.

கணவர் செய்தியைக் கேட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆருக்கு ஓடத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப?"

"அதைத்தான் பழகப்போறம்."

வைத்தியரிடம் நானே போய்ச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "நல்லது, அதுவும் ஒரு வழிதான்," என்றார். அதன்பிறகும் காணும்போது கை காட்டினார், வழமையைவிடச் சற்றுக் குறைவாக.

அந்தக் காலத்தில் படகு ஓட்டுகிறவர்களுக்குத் தகுதி அட்டை கட்டாயமாகிக்கொண்டு வந்தது. ஒரு பாடசாலை மண்டபத்தில், சனிக்கிழமை வகுப்புக்குப் போனோம். இருபது வயதுப் பெடியன்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பெண்கள், ஒருவருக்கு எழுபது தாண்டியிருந்தது. மேல்நோக்கி வரும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்கவேண்டும். இரு கரைக்கும் நடுவே வாகனங்களை ஏற்றிக் கயிற்றில் ஓடும் பாதைப்படகுக்கு முன்னால் ஒருபோதும் குறுக்கே போகக்கூடாது. குசினி மேசையில் கணவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டார். விளையாட்டாகத் தொடங்கியவர், பிறகு பிழை விட்டால் கோபிக்கத் தொடங்கினார். "சிவப்பெல்லே, நேற்றும் இதைத்தானே பிழையாச் சொன்னனீர்?" இரண்டு பேரும் பாஸ். அந்த அம்மா என்னைவிட இரண்டு புள்ளி கூட.

இயந்திரம் லேசில் உயிர்க்கவில்லை. ஒரு மெக்கானிக் வந்து பற்றரியை மாற்றி, எலி கூடு கட்டியிருந்த குழாயைக் கழற்றித் துப்புரவாக்கினார். முதல்நாள் துறையை விட்டு எடுத்தவர் பக்கத்துவீட்டு அம்மா. நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு இடப்பக்கத்தில் இருந்தேன். நடக்கிற வேகத்தில்தான் போனோம். கரையிலிருந்து பார்த்த வீடுகளை முதல்தரம் தண்ணீரிலிருந்து பார்த்தேன். எங்கள் ஒழுங்கை அவற்றுக்கு நடுவில் ஒரு கீறல் போலத் தெரிந்தது. அதிகாரி கடதாசியில் கீறிக் காட்டியது அப்போதுதான் முழுதாக விளங்கியது. அந்தச் சின்ன வாயில் பத்துப் படகு நின்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று சரிதான் போல இருந்தது. நான்கும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது துறையில் முட்டினோம். பலமாக இல்லை. தட்டைப் படகுத் தம்பதி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். அம்மா கைகளைச் சுக்கானிலிருந்து எடுக்காமல், "விசிறி உடைந்ததா?" என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். உடையவில்லை.

அதன்பிறகு பெரும்பாலும் அவர்தான் ஓட்டினார். நானும் ஓட்டினேன், ஆனால் எனக்குப் பார்த்துக்கொண்டு வருவதில்தான் விருப்பம். யார் வீட்டுத் துறை எவ்வளவு நீளம், எங்கே நாணல், எங்கே யார் புதிதாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எதிர்க்கரை லாவாலுக்குப் போகும் பாதைப்படகு கடக்கும்வரை இயந்திரத்தைத் தணித்துவிட்டுக் காத்திருப்போம். அதிலுள்ள வாகனக்காரர் சிலர் கை காட்டுவார்கள். கணவர் ஒரேயொரு தரம் வந்தார். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்கிக்கொண்டு ஏறினார். இறங்கியபிறகு, "பரவாயில்லை," என்றார். பிறகு வரவில்லை.

மூன்று கோடைகள் அப்படிப் போயின. நான்காவது வருடம் அந்த அம்மா வீட்டை விற்றுவிட்டு, மகளுக்குக் கிட்டவாக ஒரு தொடர்மாடிக்குப் போனார். படகைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தரிக்க இடமில்லாமல் என்ன செய்வது என்றார். நான் தனியாகச் சில தடவை எடுத்துப் பார்த்தேன். ஓடத் தெரிந்தது, ஆனால் போய்வந்து கதைக்க ஆளில்லை. இலையுதிர்காலத்தில் அதை விற்று, வந்த பணத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் பாதியைத் திருப்பித் தந்தார்.

எங்கள் இடத்தைப் பஸ்காரருக்கு விட்டோம். விதிப்படி அவருடைய அலுமினியப் படகு என் பெயருக்கு மாறவேண்டியிருந்தது. அதுவும் ஒரு டொலர்தான். முதல்நாள் மீன் பிடித்து வந்தபோது அவர் துறையில் நின்று என்னைக் கூப்பிட்டு, "முதலாளி, உங்கள் படகில் பிடித்தது," என்று இரண்டு மீனை ஒரு பையில் போட்டுத் தந்தார். நான் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே கணவர், இது என்ன மீன், இங்கே எந்தப் பக்கம் அகப்படும், எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பஸ்காரரைக் கேட்டு வருவதாகச் சொல்லி ஒழுங்கைப் பக்கம் போனார்.