இரண்டு பேருக்கு உலை

புதுச் செப்புக் கம்பியைப் பார்த்தால் எனக்குப் பட்டறை அக்காவின் உதடுகள்தான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு சிறு பட்டறையில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசையில் அந்தக் கம்பியைக் காயிலாகச் சுற்றினோம். கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே உதட்டுக்குள் எண்ணுவார். சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் கெட்டுவிடும் என்பதால், எண்ணும்போது எங்களிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர், வானொலியில் ஒரு பாட்டு வந்தால் மட்டும் எண்ணிக்கையைக் கோட்டை விட்டுவிடுவார். சுற்றியதையெல்லாம் பிரித்து, சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.

பெரிய பாட்டொன்றும் இல்லை அது. கணவன் தூரதேசம் போய்விட்ட ஒருத்தி, தினமும் இரண்டு பேருக்கு உலை வைத்து, தனியாக உண்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். அவ்வளவுதான். அக்காவின் கணவரும் போர்வெல் லாரியோடு வடக்கே போனவர். ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு நான்கு ஆண்டுகளாக ஒன்றுமில்லை. எங்கோ வேறு லாரிக்கு மாறிப் போய்விட்டதாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் மதுக்கரையிலிருந்து அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஃபிட்டர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. காரமடைத் தேர் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லி அக்காவின் அண்ணன் நெருக்கினார். தேருக்கு முந்தைய நாள், சாப்பாட்டு வேளையில் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, நீ பிளஸ் டூ படிச்சவ. அந்தப் பாட்டுல அவ எதுக்கு ரெண்டு பேத்துக்கு ஆக்கறா?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னிடமும் பாட்டுக்கு அர்த்தம் கேட்க ஆள் இருக்கிறதே என்ற பெருமை தலைக்கேறிவிட்டது. "அவரு வந்துருவாருங்கற நம்பிக்கைங்கக்கா. அதை விடாம இருக்கறாளே, அதுதானுங்க அவ பெருமை," என்று மேடைப் பேச்சாளர் தோரணையில் அளந்துவிட்டேன். அக்கா டிபன் பாக்ஸை மூடினார். மதுக்கரைக்கு வேண்டாம் என்று பதில் போனது. அந்த ஃபிட்டர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அக்காவின் கணவர் வரவே இல்லை.

சென்ற ஆண்டு என் கணவர் இறந்தார். காரியம் முடிந்து உறவினர் கிளம்பிய மறுநாள், இரண்டு டம்ளர் அரிசியைக் கழுவி உலையில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. யாரோ வருவார்கள் என்றா போட்டேன்? கைக்கு வேறு அளவு தெரியவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாதி எனக்காக, பாதி அக்காவுக்காக.

நேரில் சொல்லாமல் மனசு ஆறாது போலிருந்தது. தேடிக்கொண்டு போனேன். அண்ணன் வீட்டுப் பின்னறையில் தனியாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அன்னைக்கு அந்தப் பாட்டுக்குத் தப்பா அர்த்தம் சொல்லிப்போட்டேனுங்கக்கா. அவளுக்கு நம்பிக்கையெல்லாம் இல்லீங்க. கை பழகிப்போச்சு, அவ்வளவுதானுங்க," என்றேன்.

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. தெனமும் ஆக்குனவ நாந்தானே. நீயாச்சும் மதுக்கரைக்குப் போன்னு சொல்லுவியான்னுதான் கேட்டேன்."